பிள்ளை தேறவில்லையா? எல்லையோரத்துப் பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கொழிஞ்சாம்பாறைப் பக்கம் குழந்தைகளுக்கு மருத்துவம் பார்க்கிறேன். வீட்டில் தமிழ், பஞ்சாயத்து ஆபீசில் மலையாளம், மாமியார் வீடு இந்தப் பக்கம், அம்மா வீடு பொள்ளாச்சிப் பக்கம் என்று வாழ்கிற குடும்பங்கள்தான் அதிகம் வருகின்றன. அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை இங்கே எழுதிவைத்திருக்கிறேன். கேள்விகளைக் கூடியவரை அவர்கள் கேட்ட வாக்கிலேயே விட்டிருக்கிறேன்.

பிள்ளை தேறவே மாட்டேங்குதுங்க. நெசமாவே குறையா, இல்ல எங்களுக்குத்தான் அப்படித் தோணுதா?

கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, என்னாலும் முடியாது. எலும்பு தெரிகிற குழந்தை நன்றாக வளர்ந்துகொண்டிருக்கும்; கன்னம் உப்பிய குழந்தை உயரத்தில் நின்றுபோயிருக்கும். எடை, உயரம், தலைச் சுற்றளவு மூன்றையும் அளந்து, வயதுக்கு நேராக வளர்ச்சி அட்டையில் புள்ளி வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு புள்ளி இன்றைக்கு எங்கே நிற்கிறது என்பதை மட்டும் காட்டும். இரண்டு மூன்று மாத இடைவெளியில் வைத்த புள்ளிகளைச் சேர்த்தால்தான் போகிற திசை தெரியும். அட்டையில் அச்சிட்டிருக்கும் கோடுகளில் கீழ்க்கோட்டை ஒட்டியே ஆரம்பத்திலிருந்து சீராக ஏறும் குழந்தையைப் பற்றி எனக்கு அவ்வளவு கவலையில்லை. நடுக்கோட்டில் இருந்து வழுக்கி இறங்கும் குழந்தைதான் என்னை நிமிர்ந்து உட்கார வைக்கும்.

பக்கத்து வீட்டுப் பையன் இவனுக்கு ஒரு மாசம் இளையவன், ஆனா புஷ்டியா இருக்கானே?

இருக்கட்டும். அவனை அவன் கோட்டில் வைத்துப் பாருங்கள், உங்கள் பையனை இவன் கோட்டில்.

சரி, மாசத்துக்கு எவ்வளவு கூடணும்?

பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறையும். பத்தில் ஒரு பங்குக்கு மேல் குறையக் கூடாது. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். முதல் மூன்று மாதம் நாளுக்கு 25 முதல் 30 கிராம், அதாவது மாதத்துக்கு முக்கால் கிலோவுக்கு மேல். அப்புறம் வேகம் குறைந்துகொண்டே வரும். ஐந்து மாதத்தில் பிறந்த எடை இரண்டு மடங்கு, ஒரு வயதில் மூன்று மடங்கு, இரண்டு வயதில் நான்கு மடங்கு என்பது பழைய கணக்கு, இன்றும் ஏறக்குறையச் சரிதான். உயரம் பிறக்கும்போது 50 சென்டிமீட்டர் வாக்கில் இருக்கும், முதல் வருடத்தில் 25 கூடும், இரண்டாம் வருடத்தில் 12, நாலு வயதில் 100 ஆகும். அதற்குப் பிறகு வயதுக்கு வருகிற வரை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர்.

ஒரு வயதுக்குப் பிறகு வேகம் நன்றாகவே குறையும் என்பது பலருக்குத் தெரியாது. முதல் வருடம் ஆறு கிலோ கூடிய குழந்தை அடுத்த வருடம் இரண்டரை கிலோதான் கூடும். "திடீர்னு சாப்பாட்ட நிறுத்திட்டான்" என்று அந்த வயதில் அழைத்து வருகிறவர்களில் பாதிப் பேரின் பிள்ளைகளுக்கு ஒரு குறையும் இருக்காது. குறைமாதத்தில் பிறந்திருந்தால், இரண்டு வயது வரை, எத்தனை வாரம் முந்திப் பிறந்ததோ அத்தனை வாரத்தை வயதிலிருந்து கழித்துப் பார்க்க வேண்டும்.

அந்த அட்டையே வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்குப் போட்டது, நம்ம பிள்ளைகளுக்குப் பொருந்துமா?

படித்தவர்கள்தான் இந்தக் கேள்வியை அதிகம் கேட்கிறார்கள். ஐந்து வயது வரைக்கும் நாம் பயன்படுத்துவது உலக சுகாதார நிறுவனம் 2006இல் வெளியிட்ட அட்டை. பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா என ஆறு நாடுகளில், தாய்ப்பால் குடித்து நல்ல சூழலில் வளர்ந்த குழந்தைகளை அளந்து போட்டது. அதில் டெல்லிக் குழந்தைகளும் உண்டு. நல்ல சாப்பாடும் ஆரோக்கியமும் கிடைத்தால் அந்த வயதில் எல்லா ஊர்ப் பிள்ளைகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரிதான் வளர்கிறார்கள் என்று அந்த ஆய்வில் தெரிந்தது. ஐந்திலிருந்து 18 வயது வரை இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2015இல் நம் பிள்ளைகளை வைத்தே தயாரித்த அட்டை இருக்கிறது.

எங்ககிட்ட ரெண்டு கார்டு இருக்கு. ஒண்ணு தமிழ்நாட்டுது, ஒண்ணு இங்க அங்கன்வாடியில குடுத்தது. எதைக் கொண்டுவரட்டும்?

இரண்டையும். இந்த ஒரு பதிலுக்காகத்தான் நான் இதையெல்லாம் எழுதவே உட்கார்ந்தேன்.

நம் பக்கத்து வழக்கம் தெரிந்ததுதான். தலைப்பிரசவம் அம்மா வீட்டில். ஆனைமலையிலோ பொள்ளாச்சியிலோ பிரசவம், அங்கேயே ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரத் தடுப்பூசிகள், அந்தக் கார்டில் எடையும் ஏறிவிடும். அஞ்சாம் மாதமோ ஏழாம் மாதமோ குழந்தையைக் கூட்டிக்கொண்டு கோபாலபுரம் வழியாகவோ மீனாட்சிபுரம் வழியாகவோ வந்தால், இங்கே புதிதாக ஒரு கார்டு. பழைய கார்டு அம்மா வீட்டுப் பீரோவில் தங்கிவிடும். செக்போஸ்ட்டில் குழந்தையின் கோடு அறுந்துபோகிறது.

போன வருடம் பத்து மாதப் பெண் குழந்தை ஒன்றைப் பாட்டி தூக்கி வந்தார். சளி, அதற்காகத்தான் வந்தார். இங்கத்திக் கார்டில் மூன்று எடை இருந்தது: ஆறாம் மாதம் 6.5 கிலோ, எட்டாம் மாதம் 6.8, இப்போது 6.9. மூன்றும் பச்சைப் பகுதிக்குள். "எடை கூடிட்டேதானுங்க இருக்குது" என்றார் பாட்டி. அதுவும் பொய்யில்லை. பழைய கார்டை அடுத்த வாரம் கொண்டுவரச் சொன்னேன். அதில் பிறந்தபோது 2.8, பிறகு 4.1, 4.8, 5.4. இரண்டையும் ஒரே தாளில் பென்சிலால் குறித்தேன். ஆறு மாதம் வரை ஒரே கோட்டில் ஏறிய பிள்ளை, ஆறாம் மாதத்துக்குப் பிறகு கிட்டத்தட்டப் படுத்துவிட்டது. நான்கு மாதத்தில் கூடியது 400 கிராம். அது ஒரு மாதத்தில் கூட வேண்டியது.

ஆறாம் மாதத்தில் என்ன நடந்தது என்று கேட்டேன். அம்மா கஞ்சிக்கோட்டில் ஒரு கம்பெனிக்கு வேலைக்குத் திரும்பியிருக்கிறார். பாட்டி புழுங்கலரிசியை வேகவைத்து, வடிகட்டி, உப்புப் போட்டு, ஓட்டையைப் பெரிதாக்கிய பால்பாட்டிலில் ஐந்தாறு வேளை கொடுத்திருக்கிறார். "வயிறு நெறையத்தானுங்க குடிக்குது." நிறையத்தான் குடித்திருக்கிறது, ஆனால் அதில் தண்ணீர்தான் பெரும்பங்கு. அதை எழுதியபடியே நான் கேட்ட அடுத்த கேள்வி, சட்டியின் அடியில் தங்குகிற சோற்றை என்ன செய்கிறீர்கள் என்பது. நாய்க்குப் போட்டுவிடுவதாகச் சொன்னார். நாய் நன்றாகத் தேறியிருக்கும்.

அந்தக் குழந்தைக்கு எடுத்த பரிசோதனை ஹீமோகுளோபின் ஒன்றுதான். குறைவாக இருந்தது, இரும்புச் சத்துச் சொட்டு கொடுத்தோம். பாட்டிலை நிறுத்தி, பருப்புச் சோற்றை மசித்து, ஒவ்வொரு வேளைக்கும் ஒரு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயோ நெய்யோ ஊற்றி, தினம் ஒரு முட்டை கொடுக்கச் சொன்னோம். அம்மா காலையும் இரவும் தாய்ப்பாலைத் தொடர்ந்தார். ஒரு வயதில் 7.8 கிலோ.

எடை போடுறதுலயே தப்பு வருமா?

வரும், எனக்கே வந்திருக்கிறது. ஐந்து வயதுப் பெண் ஒருத்தி ஆறு மாதத்தில் ஒரு சென்டிமீட்டர் குறைந்துவிட்டாள் என்று என் பதிவு சொன்னது. பிள்ளை எப்படிக் குறையும்? பரிசோதனைச் சீட்டெல்லாம் எழுதிவிட்ட பிறகு அவள் அம்மா சொன்னார்: "போன தடவை உச்சியில கொண்டை போட்டுட்டு வந்திருந்தாளுங்க." சீட்டைத் திரும்ப வாங்கிக் கிழித்தேன்.

தராசு மாறினால் எடை மாறும். ஈர டயப்பர், வெள்ளி அரைஞாண், தண்டை எல்லாம் எடைதான். இரண்டு வயது வரை படுக்கவைத்து நீளம், அதற்கு மேல் நிற்கவைத்து உயரம். படுக்கவைத்து அளந்தால் முக்கால் சென்டிமீட்டர் வாக்கில் கூடுதலாக வரும் என்பதால், இரண்டு வயதில் திடீரென்று குறைந்தது போலத் தோன்றலாம். சந்தேகம் வந்தால் இன்னொரு முறை அளக்கச் சொல்லுங்கள், யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கோபித்துக்கொண்டாலும் அளந்துதான் ஆக வேண்டும்.

எடை குறைவு, உயரம் குறைவு ரெண்டும் ஒண்ணுதானே?

இல்லை. காரணம் தேடும்போது முதலில் பிரியும் பாதையே இங்கேதான்.

சாப்பாடு போதாமலோ, சாப்பிட்டது உடம்பில் ஒட்டாமலோ, வேறு நோய் அதைச் செலவழித்துக்கொண்டோ இருந்தால் முதலில் அடிபடுவது எடை. மாதக்கணக்கில் அது நீடித்தால் உயரமும் தேங்கும். தலைச் சுற்றளவு கடைசியில்தான் பாதிக்கப்படும், ஏனென்றால் உடம்பு மூளைக்குச் சேர வேண்டியதை எடுத்துவைத்துவிட்டுத்தான் மற்றதற்குக் கொடுக்கிறது. எடை, உயரம், தலை என்ற வரிசையில் விழுந்திருந்தால் நான் தட்டைத் தேடுவேன், வயிற்றைத் தேடுவேன், தொற்றைத் தேடுவேன்.

உயரம் முன்னாலேயே நின்றுபோய், எடை அப்படியே இருந்து, குழந்தை குண்டாகவும் குட்டையாகவும் தெரிந்தால் சங்கதி வேறு. தைராய்டு, வளர்ச்சி ஹார்மோன் பக்கம் போக வேண்டும். ஆஸ்துமாவுக்கோ தோலுக்கோ என்று மாதக்கணக்கில் யாரோ கொடுத்த ஸ்டீராய்டும் இதைச் செய்யும். "பெயர் தெரியாத வெள்ளை மாத்திரை" என்றால் உறையைக் கொண்டுவரச் சொல்வேன்.

மூன்றும் பிறப்பிலிருந்தே கீழே என்றால், கர்ப்பத்தில் ஏதோ நடந்திருக்கலாம், அல்லது மரபணு சார்ந்ததாக இருக்கலாம். கர்ப்பத்திலேயே போஷாக்குக் குறைந்து சிறிதாகப் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலோர் இரண்டு வயதுக்குள் எட்டிப் பிடித்துவிடுவார்கள். எட்டிப் பிடிக்காதவர்களைத் தொடர்ந்து பார்க்க வேண்டும்.

முதல் நாள் என்னென்ன கேப்பீங்க?

நேற்று காலை எழுந்ததிலிருந்து இரவு தூங்கும் வரை வாயில் போனது ஒவ்வொன்றும். "நல்லா சாப்பிடுவான்" என்ற பதிலை நான் எழுதிக்கொள்வதில்லை. எத்தனை கரண்டி, எந்தக் கிண்ணம், எவ்வளவு தண்ணீர் ஊற்றினீர்கள், யார் ஊட்டினார்கள், டிவி ஓடிக்கொண்டிருந்ததா, எவ்வளவு நேரம் ஆயிற்று. இப்படிக் கேட்டால் காலையில் டீயும் ரஸ்க்கும், பத்து மணிக்கு பிஸ்கட், பன்னிரண்டுக்கு ரசம் சோறு நாலு வாய், மூன்றுக்கு டீக்கடைப் பழம்பொரியில் பாதி என்று ஒரு நாள் விரியும். டீ அந்த வேளைச் சாப்பாட்டின் இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது என்பதைச் சொன்னால் பலருக்கு நம்பிக்கை வருவதில்லை.

அப்புறம் வாந்தி, பேதி, மலம் எப்படி, சிறுநீர் எவ்வளவு, அடிக்கடி காய்ச்சல் வருகிறதா, இரவில் மூச்சு இழுக்கிறதா. பிரசவம் எப்படி நடந்தது. மூத்த பிள்ளைகள் எப்படி வளர்ந்தார்கள். வீட்டில் யாருக்காவது நாள்பட்ட இருமல் உண்டா. சொந்தத்தில் கல்யாணமா, இதைக் கேட்டால் சிலர் முகம் சுளிக்கிறார்கள், ஆனால் அக்கா மகளையோ மாமன் மகளையோ கட்டிய வீடுகளில் சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பு கூடும் என்பதால் கேட்டே ஆக வேண்டும். வேலைக்குப் போவது யார், பகலில் குழந்தை யாரிடம் என்பதும் எனக்குத் தெரிய வேண்டும்.

முடிந்தால் பகலில் பார்த்துக்கொள்கிறவரைக் கூட்டி வாருங்கள். அப்பாவும் அம்மாவும் வந்து உட்கார்ந்து பாதிக் கேள்விக்கு "அத்தைக்குத்தான் தெரியும்" என்றால் நான் என்ன செய்ய?

மூணு மாசம், தாய்ப்பால் மட்டும்தான். எடை ஏறல. பவுடர் பால் ஆரம்பிக்கட்டுமா?

அவசரப்படாதீர்கள். குழந்தை பால் குடிப்பதை நேரில் பார்க்க வேண்டும். காம்பை மட்டும் கவ்விச் சப்பினால் பால் வராது, காம்பைச் சுற்றிய கருவளையமும் வாய்க்குள் போக வேண்டும். நாளுக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை குடிக்க வேண்டும், இரவிலும்தான். ஆறேழு முறை சிறுநீர் போனால் பால் போதிய அளவு போகிறது என்று ஓரளவு நம்பலாம். நாக்கின் அடியில் ஒட்டிய தசை, அம்மாவுக்கு ரத்தசோகை, தைராய்டு, மனச்சோர்வு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் பவுடரைப் பற்றிப் பேச வேண்டும்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பால் குடிக்கும்போது நெற்றி வியர்த்துக் கொட்டி, நாலு இழுப்புக்கு ஒரு முறை நிறுத்தி மூச்சு வாங்கினால் அது பால் சங்கதி இல்லை. இதயத்தைப் பார்க்க வேண்டும், அன்றைக்கே.

அமிர்தம் பொடி நல்லதா, தமிழ்நாட்டு சத்துமாவு நல்லதா?

இரண்டும் நல்லது, குழந்தையின் வயிற்றுக்குள் போனால். கேரள அங்கன்வாடியில் ஆறு மாதம் முதல் மூன்று வயது வரை கொடுக்கும் அமிர்தம் பொடியைக் குடும்பஸ்ரீ என்ற மகளிர் சுயஉதவிக் குழுப் பெண்கள் தயாரிக்கிறார்கள். கோதுமை, கடலைப்பருப்பு, நிலக்கடலை, சோயா, சர்க்கரை சேர்ந்தது. அக்கரையில் சத்துமாவு. பல வீடுகளில் பொடி வந்த அன்றே லட்டு பிடித்து, பெரியப்பா பிள்ளைகள் வரை தின்று முடித்துவிடுகிறார்கள். யாரையும் குறை சொல்லவில்லை, நானும் ஒன்று தின்றிருக்கிறேன், ருசியாகத்தான் இருக்கிறது. ஆனால் "அமிர்தம் பொடி கொடுக்கிறோம், ஆனாலும் தேறலை" என்று சொல்லும்போது எத்தனை பங்கு போனது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

நேந்திரங்காய் மாவைக் 'குறுக்கு' என்ற கெட்டிக் கூழாகக் காய்ச்சிக் கொடுப்பதும் இங்கே வழக்கம். கொடுக்கலாம், ஆனால் அதில் பெரும்பாலும் மாவுச் சத்துதான். அதோடு பருப்பு, முட்டை, மீன், எண்ணெய் ஏதாவது வேண்டும். ஒரு டீஸ்பூன் எண்ணெய் 45 கலோரி. சின்ன வயிற்றுக்கு அதைவிட மலிவாகச் சக்தி ஏற்ற வழி எனக்குத் தெரியாது. உணவு கரண்டியைக் கவிழ்த்தால் உடனே வழிந்து ஓடாத பதத்தில் இருக்கட்டும்.

சோறே தொடமாட்டான். பால் மட்டும் ஒரு லிட்டர் குடிப்பான்.

ஒரு வயதுக்கு மேல் அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலில் இரும்புச் சத்து மிகக் குறைவு, வயிற்றையும் அடைத்துவிடும். ரத்தம் குறையும், ரத்தம் குறைந்தால் பசி குறையும், பசி குறைந்தால் பால்தான் உள்ளே போகும். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் ஐந்து வயதுக்குட்பட்டவர்களில் ரத்தசோகை கேரளத்தில் 39.4 சதவீதம், தமிழ்நாட்டில் 57.4. வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள் இங்கே 23.4 சதவீதம், அங்கே 25. நாலு பிள்ளைக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், எல்லைக்கு எந்தப் பக்கம் நின்றாலும்.

பூச்சி மருந்து குடுத்தா சரியாயிடுமா?

பூச்சி இருந்தால் உதவும். பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் கொடுக்கும் அல்பெண்டசோல் மாத்திரையைத் தவறவிடாதீர்கள். தேறாத பிள்ளைக்கெல்லாம் மாதம் ஒரு தடவை பூச்சி மருந்து என்று கடையில் வாங்கிக் கொடுப்பதில் பயனில்லை.

சாப்பாடெல்லாம் ஒழுங்கா இருக்கு. அப்ப உள்ளுக்குள்ள ஏதாவது நோயா?

இருக்கலாம். எனக்கு அதிகம் அகப்படுபவற்றைச் சொல்கிறேன்.

சிறுநீரகம் சத்தமில்லாத ஆள். கைக்குழந்தைக்குக் காரணமில்லாத காய்ச்சல் மூன்று முறை வந்து எடையும் நின்றிருந்தால் சிறுநீரில் கிருமி வளர்கிறதா என்று பார்க்காமல் விடக் கூடாது. ஆண் குழந்தை சொட்டுச் சொட்டாகச் சிறுநீர் கழித்தால் பாதையில் அடைப்பு இருக்கலாம். எந்நேரமும் தண்ணீர் கேட்டு, நிறையச் சிறுநீர் கழித்து, மலச்சிக்கலும் உள்ள குழந்தைக்கு ரத்தத்தில் அமிலம் கூடும் ஒரு சிறுநீரகக் கோளாறு இருக்கக்கூடும். கண்டுபிடித்து மருந்து கொடுத்தால் நன்றாக வளரும். தண்ணீர் தாகமும் சிறுநீரும் கூடி எடை சரசரவென்று இறங்கினால் அன்றே சர்க்கரை பார்க்க வேண்டும். குழந்தைக்கு ஏது சர்க்கரை நோய் என்று காத்திருக்க நேரமில்லை.

காசநோய். தாத்தாவுக்கு மூன்று மாதமாக இருமல் என்பது குழந்தையின் சீட்டில் எழுத வேண்டிய செய்தி. குழந்தைகளுக்குக் காசநோய் இருமலாக வராமல், தேறாமையாகவும் மாலைக் காய்ச்சலாகவும் மட்டுமே வரலாம். காசநோயைக் கண்டுபிடிக்கக் கையில் போடும் ஊசி தடித்திருக்கிறதா என்று இரண்டு மூன்று நாளில் திரும்ப வந்து காட்ட வேண்டும். மிக மெலிந்த பிள்ளைகளுக்கு நோய் இருந்தும் அது தடிக்காமல் போகலாம்.

கோதுமை ஒவ்வாமல் குடல் பழுதாகும் சீலியாக் நோய் வட இந்தியாவில் அதிகம். நம் பக்கம் குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை. இப்போது ராத்திரி சப்பாத்தி, பகலில் பிஸ்கட், ஆறாம் மாதம் முதல் பொடியில் கோதுமை என்று எல்லா வீட்டிலும் வந்துவிட்டது. நாள்பட்ட பேதி, உப்பிய வயிறு, மருந்துக்கும் ஏறாத ரத்தம் என்றால் டி.டி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனை உண்டு. சோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிட்டு வந்தால் முடிவு தவறாகிவிடும்.

தைராய்டைக் கேரள அரசு மருத்துவமனைகளில் பிறந்ததும் குதிகாலில் குத்தி எடுத்த ரத்தத்தில் பார்க்கிறார்கள். வெளியே பிறந்த குழந்தைக்கு அது நடந்ததா என்று கேளுங்கள். அட்டப்பாடிப் பக்கத்துப் பழங்குடிக் குடும்பங்கள் என்றால் அரிவாள் செல் ரத்தசோகைக்கும் பார்ப்பேன். பெண் குழந்தை காரணமில்லாமல் குட்டையாக இருந்தால் குரோமோசோம் பரிசோதனை. இரண்டாயிரம் பெண் குழந்தைகளில் ஒன்றுக்கு வாக்கில் டர்னர் என்ற குரோமோசோம் குறைபாடு உண்டு, வெளிப்பார்வைக்கு வேறு அடையாளமே இல்லாமலும் இருக்கலாம்.

எதுக்கு ஒவ்வொண்ணா? எல்லா டெஸ்டையும் ஒரேயடியா எடுத்துடலாமே?

எடுக்கலாம், பணம் போகும், குழந்தை அழும், பெரும்பாலும் ஒன்றும் கிடைக்காது. பேச்சிலும் உடம்பைப் பார்ப்பதிலும் ஒரு தடயமும் அகப்படாதபோது பரிசோதனைக்கூடம் மட்டும் காரணத்தைக் காட்டிக்கொடுப்பது அபூர்வம். அதைவிட, முப்பது சோதனையில் ஏதாவது ஒன்று நூலளவு மாறி வந்து, அதன் பின்னால் ஆறு மாதம் அலைவோம்.

என் வரிசை இப்படி: முதலில் முழு ரத்த அணுக்கள், சிறுநீர். தேவைப்பட்டால் சிறுநீரகம், கால்சியம், தைராய்டு, டி.டி.ஜி. உயரம்தான் பிரச்சினை என்றால் இடது கை மணிக்கட்டு எக்ஸ்ரே. அதில் எலும்பின் வயது தெரியும். எட்டு வயதுப் பையனுக்கு எலும்பு வயது ஆறு என்றால் இன்னும் வளர இடமிருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனை ஏதோ ஒரு நேரத்தில் ரத்தம் எடுத்துப் பார்ப்பதில் பொருளில்லை, அது நாள் முழுவதும் ஏறி இறங்கும். தூண்டிவிட்டு அளக்கும் தனிப் பரிசோதனை இருக்கிறது. தனியாக அந்த ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும்.

நாங்க ரெண்டு பேருமே குள்ளம். அதனாலதானோ?

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அப்பா 162, அம்மா 150 என்றால் கூட்டி 312. பையனுக்கு 13 சேர்த்துப் பாதி: 162.5. பெண்ணுக்கு 13 கழித்துப் பாதி: 149.5. இதிலிருந்து ஏழெட்டு சென்டிமீட்டர் இப்படியோ அப்படியோ. பிள்ளை அந்தப் பாதையில், வருடத்துக்கு ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல் போனால் விட்டுவிடலாம். ஆனால் பெற்றோரே சின்ன வயதில் பட்டினியால் குள்ளமானவர்களாக இருந்தால் இந்தக் கணக்கு ஏமாற்றும். அதையும் மனதில் வைத்துக்கொள்கிறேன்.

"அவங்கப்பனும் பன்னெண்டாவது படிக்கும்போதுதான் வளந்தான்"னு மாமியார் சொல்றாங்க.

மாமியார் சொல்வது பல நேரம் சரி. தாமதமாக வயதுக்கு வந்து தாமதமாக வளரும் குடும்பங்கள் உண்டு, எலும்பு வயது அதைக் காட்டும். ஆனால் பெண்ணுக்கு 13 வயதிலும் மார்பு வளர்ச்சி தொடங்கவில்லை, பையனுக்கு 14 வயதிலும் ஒரு மாற்றமும் இல்லை என்றால் காட்டிவிடுங்கள்.

வளர்ச்சி ஊசி போட்டா?

ஹார்மோன் குறைவு உறுதியானவர்களுக்கும், டர்னர் போன்ற சில நிலைகளுக்கும் மட்டும். தினசரி ஊசி, வருடக்கணக்கில், செலவும் பெரிது.

டிவியில வர்ற உயரப் பவுடர்?

பெரும்பாலும் சர்க்கரையும் மாவும். 2024 ஏப்ரலில் ஒன்றிய அரசே இணையக் கடைகளிடம் இத்தகைய பானங்களை 'ஹெல்த் டிரிங்க்' என்ற பிரிவிலிருந்து எடுக்கச் சொன்னது. அந்தக் காசுக்கு ஒரு மாத முட்டை வரும்.

சவலைன்னு சொல்றாங்க. பறவை தோஷம்னும் சொல்றாங்க. மந்திரிக்கலாமா?

மந்திரிப்பதில் எனக்குச் சண்டையில்லை, திருநீறு போட்டுக்கொண்டு நேராக இங்கே வந்தால் சரி. வயிற்றில் சூடு போடுவது மட்டும் கூடவே கூடாது. ஏற்கெனவே தேறாத உடம்பில் புண்ணையும் சேர்க்கிறோம்.

சவலை என்ற சொல்லை நான் மதிக்கிறேன். அடுத்த கர்ப்பம் வந்து தாய்ப்பால் நின்றதும் மெலிந்துபோகிற மூத்த பிள்ளையை நம் முன்னோர் கவனித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். அவர்கள் பார்த்தது உண்மை. "சவலை" என்று ஒரு ஆத்தா சொன்னால் அம்மாவிடம் நான் கேட்கும் முதல் கேள்வி, நாள் தள்ளிப் போயிருக்கிறதா என்பதுதான்.

எல்லா டெஸ்டும் நார்மல். சாப்பாடும் இருக்கு. ஆனாலும் தேறல.

வீட்டைப் பார்க்க வேண்டும். இதைச் சொல்லக் கூச்சமாகத்தான் இருக்கிறது. குடிகார அப்பா, தினமும் சண்டை, பிரசவத்துக்குப் பின் சிரிப்பே மறந்த அம்மா, ஒவ்வொரு வாய்க்கும் அடி விழுகிற குழந்தை. இந்த வீடுகளில் சோறு இருந்தும் பிள்ளை வளராது. ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் வைத்தால் அதே சோற்றில் எடை ஏறும், வீட்டுக்குப் போனால் நிற்கும். அப்போது வைத்தியம் பார்க்க வேண்டியது குழந்தைக்கு மட்டும் இல்லை.

எப்ப உடனே ஓடணும்?

இரண்டு பாதத்திலும் வீக்கம், கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழுகிறது. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தையின் மேற்கைச் சுற்றளவு 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே, அதாவது அங்கன்வாடி நாடாவில் சிவப்பு. பால் குடிக்கவே சக்தியில்லை, எந்நேரமும் தூக்கம், மூச்சு வாங்குகிறது. வீக்கம் இருக்கும்போது எடை சரியாக இருப்பது போலக் காட்டும், அதை நம்பாதீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைக்கு வீட்டிலேயே திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்து அளந்து அளந்துதான் ஏற்ற வேண்டும். அதற்கென்றே ஊட்டச்சத்து மறுவாழ்வு மையங்கள் இருக்கின்றன. 2013இல் குழந்தை இறப்புகளால் செய்தியான அட்டப்பாடியிலும் உண்டு.

இங்க காட்டுறதா, கோயம்புத்தூர் போறதா?

பஸ் எது சீக்கிரம் வருகிறதோ அங்கே. ஆனால் ஒரே இடத்தில் தொடருங்கள். இலவசத் திட்டங்கள் ரேஷன் கார்டைப் பார்க்கும்: கேரளத்தில் குடியிருப்பவர்களின் குழந்தைகளுக்குப் பிறவி இதயக் கோளாறு என்றால் 2017இல் தொடங்கிய ஹிருத்யம் திட்டம் இருக்கிறது, தமிழ்நாட்டுக் கார்டு என்றால் முதலமைச்சர் காப்பீடு. எந்தப் பக்கத்துக் கார்டில் குழந்தையின் பெயர் ஏறியிருக்கிறது என்பதை நோய் வருவதற்கு முன்பே பார்த்துவைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஏறாத பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன்.

வீட்டுல எடை மெஷின் ஒண்ணு வாங்கி வைக்கட்டுமா?

வேண்டாம். தினமும் ஏற்றிப் பார்த்து, ஐம்பது கிராம் குறைந்ததற்கு வீடே அழுதுகொண்டிருக்கும். எடையை மாதம் ஒரு தடவை அங்கன்வாடித் தராசில் போட்டு, கார்டில் ஏற்றச் சொல்லுங்கள், பழைய கார்டோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள். இரண்டு வயதுக்கு மேல் உயரத்துக்கு ஒரு சுவர் போதும். செருப்பில்லாமல், குதிகாலும் முதுகும் ஒட்டி நிற்கவைத்து, தலைமேல் ஒரு கெட்டி அட்டைப் புத்தகத்தைப் படுக்கையாக வைத்து, பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். ஆறு மாதத்துக்கு ஒரு கோடு. பொங்கலுக்கோ ஓணத்துக்கோ வெள்ளையடிக்க ஆள் வந்தால் அந்த ஒரு முழ அகலத்தை விட்டுவிடச் சொல்லுங்கள்.